மருந்து அருந்தினீரா?

போன மாதம் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் எடுக்கப் போனேன். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களிடம் சிறுநீர்ப் போத்தல் வாங்கி வைத்த எனக்கு, போத்தலை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறை அன்றுதான் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்கு என்னைத் தெரியாது. "ஐயா, முதல் இந்தப் படிவத்தை நிரப்புங்கோ" என்று ஒரு தாளை நீட்டினாள். பெயர், முகவரி, வயது எழுதினேன். பிறகு கேள்விகள். முதலாவது, பார்வையில் குறைபாடு உண்டா. இரண்டாவது, வலிப்பு வந்ததுண்டா. மூன்றாவது, "கடந்த ஏழு நாட்களுள் மருந்து ஏதும் அருந்தினீரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், ஏலவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பஸ் சாரதி ஓரடி தள்ளி நின்றுகொண்டார். இப்போது அனுமதி எடுக்கிற எல்லோருக்கும் போதைப்பொருள் பரிசோதனை உண்டு. அதற்கு வந்த இடத்தில் அறுபது கடந்த ஒரு மனுசன் படிவத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"என்னையா, ஏதும் செய்யுதோ?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. இந்த மூண்டாம் கேள்வி என்ரை பழைய கூட்டாளி. கனகாலத்துக்குப் பிறகு காணுறன்."

அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒருவர் கோப்போடு காத்துநின்றார், விளங்கப்படுத்த நேரமுமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன். இந்தப் பதவிப் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்கமுன் கேட்டவர் தேத்தண்ணி குடித்து முடித்துவிடுவார். தீவுப் பகுதிச் சனம் சுருக்கமாக 'லாப் அண்ணை' என்று வைத்துவிட்டது. கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். படித்ததில் பாதி மறந்துபோயிற்று. மறக்காதது, மத்தியானச் சாப்பாட்டை மாதிரிகள் வைக்கிற குளிர்சாதனப்பெட்டிக்குள் வைக்கக்கூடாது என்பது. பிறகு யாழ்ப்பாணம், பிறகு நுணுக்குக்காட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு இரண்டு தரம் இடம்பெயர்வு, பிறகு திரும்பவும் தீவு. கடைசி ஒன்பது வருடமும் அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். எனக்கு இப்போதும் அங்கேதான் சீனி பார்க்கிறார்கள், ஊசி குத்துகிறவர்களோடு பகைக்க ஏலாது.

எங்கள் பொறுப்பு வைத்தியரை எல்லோரும் 'பெரியவர்' என்போம். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கையூட்டு வாங்கமாட்டார், காலமை எட்டு மணிக்குக் கதிரையில் இருப்பார். அவருடைய வருத்தம், அதாவது நோய், தமிழ். சட்டைப் பையில் மூன்று பேனை. நீலம் மருந்து எழுத, கறுப்பு ஒப்பம் வைக்க, சிவப்பு எங்களுடைய தமிழைத் திருத்த. 'லீவு' என்று எழுதிக் கொடுத்தால் சிவப்பில் சுழித்து 'விடுப்பு' என்று போட்டுத் திருப்பி அனுப்புவார். நாங்கள் திருத்தி எழுதிக் கொடுக்கும்போது லீவு வேண்டிய நாள் கழிந்திருக்கும். ஒருமுறை எங்கள் சிற்றூழியர் சின்னத்தம்பி, 'லாப் பைப் உடைஞ்சு தண்ணி ஓடுது' என்று துண்டு எழுதிக் கொடுத்தான். 'ஆய்வுகூடத்தின் நீர்க்குழாய் உடைந்துள்ளது' என்று அது சுத்தத் தமிழாகித் திரும்பி வரும்வரை மூன்று நாள் தண்ணீர் ஓடியது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டார். நாக்கைப் பார்ப்பார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், துண்டைப் பார்த்து எழுதுவார். நாக்கையும் இமையையும் சேர்த்து முகமாகப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குக் கடைசி வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பயணிகள் பஸ், பாடசாலை வான், படகு ஓட்டுகிற எல்லோருக்கும் போதைப்பொருள் பரிசோதனை. கூடவே ஒரு பெட்டி நிறையப் பரிசோதனைத் துண்டுகளும் வந்தன. வேலை கடினமில்லை, கவனம்தான் வேண்டும். மலகூடத் தண்ணீர்த் தொட்டிக்குள் நீல மை ஊற்றிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் போத்தலுக்குள் தொட்டித் தண்ணீர் வந்து சேரும். போத்தலை வாங்கும்போது கைக்கு இளஞ்சூடாக இருக்கவேண்டும். குளிர்ந்திருந்தால் அது வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பாதியை வேறு போத்தலில் ஊற்றி, மூடி, அவர் கண்முன்னாலேயே முத்திரை ஒட்டி, ஒப்பம் வாங்கிக் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கவேண்டும். மீதியில் மூன்று சொட்டைத் துண்டில் விட்டு ஐந்து நிமிடம் பார்த்திருக்கவேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மற்றப் பரிசோதனைகளில் இரண்டாவது கோடு வந்தால் 'இருக்கிறது' என்று அர்த்தம். இதில் தலைகீழ். இரண்டு கோடு என்றால் போதைப்பொருள் இல்லை, ஒரு கோடு என்றால் இருக்கிறது. மங்கலான கோடும் கோடுதான். சின்னத்தம்பி அதுவரை கர்ப்பப் பரிசோதனைத் துண்டுகளோடுதான் பழகியவன். முதல் நாள் வந்த ஒரு படகோட்டியிடம் துண்டைக் காட்டி, "ரெண்டு கோடு அண்ணை, சந்தோசமான செய்தி" என்று பழக்கதோசத்தில் சொல்லிவிட்டான். அந்த மனுசன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்.

அந்தத் துண்டுக்கு அறிவு மட்டு. அபின் வகைச் சாமான் உடம்பில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது சந்தியில் வாங்கின ஹெரோயின் தூளா, இருமலுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்ததா என்று அதற்குத் தெரியாது. சில தடிமன் குளிசைகளை, சளி மாத்திரைகளைக் கண்டாலும் அது ஐஸ் என்கிற போதைப்பொருளென்று நினைத்துக் கத்தும். பிரித்துச் சொல்லக் கொழும்பில் பெரிய இயந்திரம் வேண்டும். ஆகவேதான் சோதிக்கமுன் ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கிழமை என்ன மருந்து எடுத்தாய்? 'ஓம்' என்றால் மருந்தின் பெயரைக் குறித்து மாதிரியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், ஆள் வேலையைப் பார்க்கலாம். 'இல்லை' என்று ஒப்பமிட்டவருக்கு ஒரு கோடு வந்தால் உடனே போக்குவரத்துக் கந்தோருக்கு அறிக்கை போகும், அனுமதி நிறுத்தப்படும்.

படிவம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழாக்க என்னிடம் தந்தார்கள். 'இந்தக் கிழமை குளிசை, பாணி, ஊசி ஏதும் எடுத்தனீங்களோ?' என்று எழுதிக்கொண்டு போனேன். பெரியவர் சிவப்புப் பேனையைத் திறந்தார்.

"என்ன காணும் இது? எடுத்தனீங்களோ? எங்கையிருந்து எடுக்கிறது, அலுமாரிக்குள்ளை இருந்தோ?"

"சனம் அப்பிடித்தான் சேர் சொல்லுறது."

"சனம் ஆயிரம் சொல்லும். குளிசை, பாணி, ஊசி எண்டு அடுக்க இதென்ன பலசரக்குக் கடைத் துண்டோ? எல்லாத்துக்கும் சேர்த்துத் தமிழிலை ஒரு சொல்லு இருக்கு. மருந்து. அருந்தினீரா எண்டு போடும்."

இந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குளிசை போடுவார்கள், பாணி, அதாவது சிரப், குடிப்பார்கள், ஊசி அடிப்பார்கள். மருந்து குடிக்கமாட்டார்கள். மருந்து என்பது தோட்டத்தில் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அடிக்கிற பூச்சிநஞ்சு. 'அவள் மருந்து குடிச்சிட்டாளாம்' என்று ஒருவர் ஓடிவந்து சொன்னால் வீட்டில் அழத் தொடங்குவார்கள். இது எனக்குத் தெரியும். அப்படிக் கொண்டுவந்தவர்களின் இரத்தத்தை எத்தனையோ தரம் நான்தான் சோதித்தேன். ஆனாலும் "சரி சேர்" என்று சொல்லிவிட்டு, போய் என் கையாலேயே தட்டச்சு அடித்தேன். கடைசி வருடம், ஏன் வீண் வில்லங்கம் என்று நினைத்தேன்.

பெரியவருக்குச் சொல்தான் முக்கியம், சொல் குறிக்கிற சாமான் இல்லை. இதற்கு முன்னமே எனக்கு ஒருமுறை அது விளங்கியிருக்க வேண்டும். சுற்றறிக்கையின் பின்பக்கத்தில், அபின் செடியின் விதையான கசகசாவைத் தின்றாலும் ஒரு கோடு வரலாம் என்று எழுதியிருந்தது. அது நயினாதீவுத் திருவிழாக் காலம். படகோட்டிகள் வெயிலுக்குப் பலூடா குடிக்கிறார்கள், பலூடாவுக்குள் கசகசா போடுகிறார்கள் என்று பெரியவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. பலூடாக்காரர் எல்லோருக்கும் தடைக் கடிதம் எழுதிவிட்டார்.

"சேர், நாங்கள் பலூடாவுக்குப் போடுறது அபின் விதை இல்லை. அது திருநீற்றுப்பச்சை விதை."

"அதுக்குப் பேர் என்ன?"

"கசகசா எண்டுதான் சொல்லுறது, ஆனா..."

"பேர் கசகசாதானே? போதும்."

அந்தத் திருவிழா முழுக்கப் பிள்ளைகள் விதையில்லாத பலூடா குடித்தார்கள். எல்லோரும் சிரித்தோம். பலூடாவோடு போனதால் சிரிக்க முடிந்தது.

இனி ரஞ்சினியைப் பற்றிச் சொல்கிறேன். சரவணை என்கிற ஊரில் பாடசாலை வான் ஓட்டுகிறவள். முதலில் புருசன்தான் ஓட்டினார். சீனி வருத்தத்தில் அவருக்குக் கண் மங்கியபோது, ரஞ்சினி ஓட்டப் பழகி, அனுமதி எடுத்து, அந்த நீல வானைத் தானே எடுத்துக்கொண்டாள். பதினாலு பிள்ளைகள். காலமை ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிப்போய், பின்னேரம் கொண்டுவந்து வீட்டு வாசல் படலையில் இறக்குவாள். ஒரு பிள்ளை பிந்தினால் ஹோர்ன் அடிக்கமாட்டாள், இறங்கிப்போய்ச் சப்பாத்துக் கட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு வருவாள். என் கடைசி மகளும் இரண்டு வருடம் அந்த வானில்தான் போனவள். ரஞ்சினி வீட்டில் உலை வைப்பது அந்த வானை நம்பித்தான்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வலுத்துத் தூசி பறக்கிற காலம். ரஞ்சினி பரிசோதனைக்கு வந்தபோது இருமிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே வாசியுங்கோ என்றாள். இரண்டு கேள்வி ஒழுங்காகப் போனது.

"கடந்த ஏழு நாட்களுள் மருந்து ஏதும் அருந்தினீரா?"

"என்ன அண்ணை? விளங்கேல்லை."

நான் மகா கெட்டிக்காரன் அல்லவா, விளங்கக்கூடிய தமிழில் கேட்டேன்.

"மருந்து குடிச்சனீரோ?"

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. ரஞ்சினி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆரு? நானோ? நான் ஏன் மருந்து குடிக்க வேணும்? எனக்கென்ன குறை? என்ரை மனுசன் எனக்கு அடிக்கிறவரோ, மாமி கொடுமைப்படுத்திறவவோ? உந்தக் கதையை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஐயோ பிள்ளை, படிவத்திலை இருக்கு..."

"படிவத்திலை என்ரை பேரைப் போட்டு மருந்து குடிச்சவள் எண்டு எழுதியிருக்கோ? ஆர் எழுதினது? கூப்பிடுங்கோ ஆளை, செருப்பாலை குடுக்கிறன்." கோபத்தில் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்து இருமி முடித்துவிட்டுச் சொன்னாள். "இல்லை எண்டு பெரிசா எழுதுங்கோ."

எழுதினேன், ஒப்பம் வைத்தாள். அவ்வளவு இருமலையும் காதால் கேட்டும், 'இருமலுக்கு என்ன குடிக்கிறீர்?' என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து நிமிடம் பார்த்திருந்தேன். அபின் வகைக்கான இடத்தில் கோடு வரவில்லை. பத்து நிமிடம் பார்த்தேன். வேறு துண்டில் திரும்பச் செய்தேன். ஒரேயொரு கோடு.

அறிக்கை அன்றைக்கே போனது. கதை அதற்கு முன்னமே போய்விட்டது. மத்தியானத்துக்குள் சரவணை முழுக்க, 'ரஞ்சினி மருந்து குடிச்சிட்டாளாம், ஆஸ்பத்திரியிலை வைச்சு விசாரிச்சவையாம்' என்று பரவிற்று. நாலைந்து பெண்கள் வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு செத்தவீட்டுக்கு என்று புறப்பட்டு வந்தார்களாம். ரஞ்சினி படலையடியில் வான் கழுவிக்கொண்டு நின்றதைக் கண்டு, 'சும்மா இதாலை போனனாங்கள்' என்று திரும்பிப் போனார்கள். பின்னேரம் இரண்டாவது கதை வந்தது, அவள் தூள் பாவிக்கிறாள் என்று. முதல் கதையில் அவள் மேல் கொஞ்சம் இரக்கமாவது இருந்தது.

மூன்றாம் நாள் வானில் பதினாலு பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. அனுமதி நிறுத்தும் கடிதம் வரமுன்னமே தாய்மார் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் ஓட்டோவில் ஒன்பது பேராக நெருக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஓட்டோக்காரனை ஒருவரும் சோதிக்கவில்லை, சுற்றறிக்கையில் ஓட்டோ இல்லை.

கடிதத்தின் பிரதி ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்தது. அவளிடம் ஒப்பம் வாங்கிவரச் சொன்னார்கள். சின்னத்தம்பி போகமாட்டேன் என்றான், செருப்புக் கதையை அவனும் கேட்டவன். நான் போனேன்.

ரஞ்சினி கடிதத்தை வாசித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"லாப் அண்ணை, என்னைப் பாத்தால் தூள் அடிக்கிறவள் மாதிரியோ தெரியுது?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் அப்பிடி வந்தது? மிசின் பொய் சொல்லுமோ? என்ரை மனுசனும் நேற்றுக் கேக்கிறார், உண்மையைச் சொல்லு எண்டு. கண் தெரியாத மனுசன், என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேக்கிறார்."

அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. குசினிக்குள் போய், தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, மூடியில் ஊற்றி அண்ணாந்து குடித்தாள். நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"பிள்ளை, அது என்ன?"

"பாணி."

"மருந்து குடிக்கேல்லை எண்டு ஒப்பம் வைச்சனீரெல்லோ?"

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? இது மருந்தோ? இது பாணி. இருமலுக்குக் குடிக்கிறது. ரெண்டு கிழமையாக் குடிக்கிறன். காலமை குடிச்சா நித்திரை தூங்குது எண்டு, பின்னேரம் பிள்ளையளை இறக்கிப்போட்டு வந்துதான் குடிக்கிறனான்."

போத்தலை வாங்கிப் பார்த்தேன். கோடீன் சேர்ந்த பாணி. கோடீன் அபின் குடும்பத்துப் பிள்ளை, துண்டு கத்தாமல் என்ன செய்யும்? போத்தலில் சுற்றியிருந்த துண்டில் நீலப் பேனையால் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை நான் ஒன்பது வருடமாக வாசிக்கிறேன். பெரியவர் பின்னேரங்களில் பிரதான வீதியில் ஒரு தனியார் மருந்தகத்தில் இருந்து நோயாளரைப் பார்ப்பார். பின்னேரம் அவர் எழுதிக் கொடுத்ததைக் காலமை அவருடைய ஆஸ்பத்திரியே பிடித்திருக்கிறது. வான் ஓட்டுகிறவளுக்கு நித்திரை வரும் பாணியை எழுதமுன், 'என்ன வேலை செய்கிறீர்' என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலமையே பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"கேட்டனீர்தானே? இல்லையெண்டு ஒப்பம் வைச்சிருக்கிறா."

"கேள்வி பிழை சேர். சனத்துக்கு மருந்து எண்டா வேறை."

"கேள்வியிலை என்ன பிழை? எழுத்துப் பிழையோ, சந்திப் பிழையோ? காட்டும்."

"சேர், பாணி எழுதினது நீங்கள்தான்."

"நான் ஒரு பின்னேரத்திலை அறுபது பேருக்கு எழுதுறன். ஆருக்கு என்ன எண்டு மனசிலை வைச்சிருக்க ஏலுமோ? ஒப்பம் வைச்ச படிவத்தை மாத்தேலாது. நீர் போம்."

கோபத்தோடு வெளியே வந்தேன். கொஞ்ச நேரம் நுணுக்குக்காட்டியைத் துடைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கும் தொண்டை கரகரத்தது. சோளகத்தில் யாருக்குத்தான் இருமலில்லை? அப்போதுதான் யோசனை வந்தது.

பின்னேரம் அந்த மருந்தகத்துக்குப் போய், இலக்கத் துண்டு வாங்கி, மர வாங்கில் குந்தியிருந்தேன். முப்பத்தேழாவது ஆளாக உள்ளே போனேன்.

"என்ன?"

"இருமல், சேர்."

"எத்தினை நாள்?"

"ஒரு கிழமை."

"நாக்கு."

நீட்டினேன். ஒன்பது வருடம் ஒவ்வொரு காலமையும் அவருக்கு வணக்கம் சொன்ன நாக்கு. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நீலப் பேனையால் எழுதித் துண்டைக் கிழித்துத் தந்தார்.

"பாணி ஒண்டு எழுதியிருக்கு. மூண்டு நேரம் குடியும். அடுத்த ஆள்."

மருந்து என்று சொல்லவில்லை, அருந்தும் என்றும் சொல்லவில்லை. என் காதால் கேட்டேன்.

அன்றிரவு இரண்டு தரம், விடிய ஒரு தரம் குடித்தேன். மோட்டார் சைக்கிளைத் தொடாமல் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். சின்னத்தம்பியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, நீல மை ஊற்றி, எல்லாம் முறைப்படி செய்து, மூன்றாம் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி ஒப்பம் வைத்தேன். மூன்று சொட்டு, ஐந்து நிமிடம், ஒரு கோடு. சின்னத்தம்பி தலையில் கைவைத்தான். "அண்ணை, பென்சன் எடுக்கிற நேரத்திலை உங்களுக்கு ஏன் உந்தக் கோதாரி?"

படிவம், பரிசோதனைத் துண்டு, அவர் எழுதின சீட்டுச் சுற்றின பாணிப் போத்தல் மூன்றையும் பெரியவரின் மேசையில் வரிசையாக வைத்தேன்.

"சேர், எனக்கும் ஒரு கோடு. நானும் தூள் அடிக்கிறவன்போலை. அறிக்கை எழுதட்டோ?"

போத்தலைத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல் தரமாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"நேற்று நீர் வந்தனீரோ?"

"முப்பத்தேழாம் இலக்கம், சேர். நீங்கள் பாணி குடிக்கச் சொன்னனீங்கள், குடிச்சன். மருந்து அருந்தச் சொல்லேல்லை."

படிவத்தையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பயம்தான், பொய் சொல்லக்கூடாது. ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் ஓய்வூதியம் இழுபடும் என்று எனக்கும் தெரியும். கடைசியில், "கடிதத்தை எழுதிக்கொண்டு வாரும்" என்றார். நான் எழுதிவைத்தே இருந்தேன். 'வைத்தியர் எழுதிக் கொடுத்த இருமல் பாணி குடித்த காரணத்தால்' என்றிருந்ததை வாசித்தார். சிவப்புப் பேனையைத் திறந்து, 'பாகு மருந்து அருந்திய காரணத்தால்' என்று திருத்திவிட்டுத்தான் கறுப்பில் ஒப்பம் வைத்தார். பாகு மருந்து என்றால் என்னவென்று போக்குவரத்துக் கந்தோரில் ஒருவருக்கும் விளங்காமல், எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்க இன்னும் ஒரு கிழமை போயிற்று. ரஞ்சினியின் அனுமதி பதினெட்டாம் நாள் திரும்பி வந்தது.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "பிழை என்ரைதான் பிள்ளை. கேக்கத் தெரியாமல் கேட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"மன்னிக்கிறது பேந்து. கடுதாசியை நான் ஆருக்குக் காட்டுறது? வான் கண்ணாடியிலை ஒட்டுறதோ? ஒன்பது பேருக்கு முன்னாலை கேட்டனீங்களெல்லோ, அதே வாயாலை வந்து சொல்லுங்கோ."

ஒரு கிழமை லீவு போட்டேன், மன்னிக்கவும், விடுப்பு. ஒவ்வொரு காலமையும் வெறும் வானின் முன் சீற்றில் மடியில் பாணிப் போத்தலோடு இருந்து, படலை படலையாக இறங்கித் தாய்மாருக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு தாய் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பாணிக்குள்ளையும் தூள் கலக்கிறாங்களோ அண்ணை?" என்றாள். முதலிலிருந்து தொடங்கினேன். ரஞ்சினி ஸ்டியரிங்கில் நாடியை வைத்துக்கொண்டு, நான் எங்கே பிழைவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கிழமை முடிவில் பதின்மூன்று பிள்ளைகள் திரும்ப ஏறினார்கள். பதினாலாவது பிள்ளையின் தகப்பன் கடைசிவரை விடவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது இன்றைக்கும் ரஞ்சினி வேகத்தைக் கூட்டுவாள்.

நான் ஓய்வுபெற்றேன். பெரியவரும் ஓய்வுபெற்று, இப்போது அரச படிவங்களைத் தமிழாக்குகிற ஒரு குழுவில் இருக்கிறார் என்று கேள்வி. மூன்றாம் கேள்வி எப்படி உயிர் தப்பியது என்று இனி உங்களுக்கும் விளங்கும்.

போன மாதத்துக்கு வருகிறேன். சிரித்து முடித்துவிட்டு 'ஓம்' என்பதில் புள்ளடி போட்டேன். பக்கத்தில் இடமில்லாததால் ஓரத்தில் சுற்றி எழுதினேன். பிறஷருக்குக் குளிசை, முழங்காலுக்குப் பூச்சு, திங்கள் தொடக்கம் இருமலுக்குப் பாணி. அந்தப் பிள்ளை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஐயா, ஓம் எண்டு போட்டால் இணைப்புப் படிவமும் நிரப்ப வேணும். அது முடிஞ்சுபோச்சு. அச்சடிச்சு வர நாளாகும்."

"அப்ப ஓம் எண்டு சொல்லுறவை என்ன செய்யிறவை?"

"ஒருத்தரும் சொல்லுறேல்லை ஐயா. எல்லாரும் இல்லையெண்டுதான் போடுகினம். நீங்களும் போடுங்கோவன், இப்பவே அலுவல் முடிஞ்சிடும்."

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். பின்னால் நின்ற சாரதியும் தலையாட்டினார். எனக்கு மட்டும் பதினெட்டு நாள் வெறுமையாக நின்ற ஒரு நீல வான் கண்ணில் வந்து நின்றது. புள்ளடியை அழிக்கவில்லை.

இணைப்புப் படிவம் இன்னும் வரவில்லை. மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கிறது. நேற்றுக் காலமை ஊர்காவற்றுறைக்குப் போக, சரவணைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். நீல வான் வந்து பக்கத்தில் நின்றது. முழுக்கப் பிள்ளைகள்.

"என்ன லாப் அண்ணை, மோட்டச்சைக்கிள் எங்கை?"

நடந்ததைச் சொன்னேன். ரஞ்சினி சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை முழுக்க இறக்கினாள். சந்தியில் நின்ற சனம் எல்லாம் கேட்கக்கூடிய மாதிரிக் குரலை உயர்த்தினாள்.

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோ. மருந்து குடிச்சனீங்களோ?"

மரக்கறிக்காரன் தராசைக் கீழே வைத்தான்.

"ஓம்," என்றேன். "குடிச்சனான்."

"ஏறுங்கோ முன்னுக்கு."

பின்னேரம் நான் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது முற்றத்தில் நான்கு பெண்கள் வெள்ளைச் சேலையோடு இருந்தார்கள். என் மனைவி அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.